எட்டாம் நம்பர் மலையில் குளவி

தனுஷனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி ஊசிப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் இதற்கு முன்னும் பிறந்ததில்லை, இனியும் பிறக்கப்போவதில்லை என்று அவன் மனைவி சுதர்ஷினி லயத்து வீட்டு வரிசை முழுக்கக் கேட்கும்படி சொல்வாள். அவனுக்கு அட்டை என்றால் பயம். தலவாக்கலை பஸ் வளைவில் சாய்ந்தால் பயம். ஆஸ்பத்திரி வாசனை மூக்கில் ஏறினாலே முகம் வெளுத்துவிடும். அப்படிப்பட்டவன் பார்க்கிற வேலையைக் கேட்டால் சிரித்துவிடுவீர்கள். மலை உச்சியில் நிற்கும் காற்றாலையின் இறகில், இடுப்பில் கயிறு கட்டி ஆகாயத்தில் தொங்கிக்கொண்டு, வெடிப்புகளை ஒட்டுகிற வேலை.

"கயித்துல தொங்குறப்ப பயமா இருக்காதா?" என்று கேட்பவர்களுக்கு அவனிடம் ஒரே பதில்தான்.

"அங்க கயிறு என்னயப் புடிச்சிக்கிட்டு இருக்கு. கீழ நடக்குறப்ப யாரு புடிச்சிக்கிட்டு இருக்கா?"

அவன் பிறந்தது இதே தோட்டத்து லயத்தில். ஐந்து வயதில் அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். பக்கத்துக் காம்பரா வீட்டில் இருந்த, அவன் அக்கா என்று கூப்பிடும் மீனம்மாதான் தன் பிள்ளைகளோடு அவனையும் உட்கார வைத்து ரொட்டி தந்து வளர்த்தாள். படிப்பு மண்டையில் ஏறவில்லை. கொஞ்ச காலம் தேயிலை ஸ்டோரில் வேலை பார்த்தான். பிறகு கண்டிப் பக்கம் ஒரு பட்டறையில் கண்ணாடி இழையால் தண்ணீர்த் தாங்கி செய்யக் கற்றுக்கொண்டான். அந்த நேரம் பார்த்து ஊசிப்பாறை உச்சியில் ஒரு கம்பெனி காற்றாலைகளை நட்டது. கண்ணாடி இழையில் கைப்பழக்கம் உள்ள ஆள் வேண்டும் என்று தேடினார்கள், இவன் அகப்பட்டான். ஊர்க்காரர்கள் அவற்றைக் காத்தாடி என்றார்கள். இவனைக் காத்தாடிக்காரன் என்றார்கள்.

அந்த இறகுகளைக் கீழே நின்று பார்க்கிறவர்கள் இரும்பு என்றுதான் நினைப்பார்கள். இரும்பே இல்லை. கண்ணாடி இழைத் துணியைப் பசையில் ஊறவைத்து அடுக்கடுக்காகப் படியவிட்டுச் செய்த இரண்டு ஓடுகள், நடுவில் முதுகெலும்பு மாதிரி நீளமாக ஒரு பெட்டி, அவ்வளவுதான். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருப்பது பசை. பசை விட்டால் எல்லாம் விட்டது.

சித்திரை மாதத்து இடி ஒன்று மூன்றாம் காத்தாடியின் இறகு நுனியில் விழுந்தது. நுனியில் கரி பிடித்து, பின்விளிம்பில் விரல் நுழையும் அளவுக்குப் பிளவு. தனுஷன் ஏறிப் பிளவைச் சுரண்டி, புதுத் துணி வைத்து ஒட்டிவிட்டு இறங்கினான். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஆனி மாதம் தென்மேல் காற்று தொடங்கியதும் அந்த இறகு கீழிறங்கும்போதெல்லாம் மெல்லியதாக ஒரு சீழ்க்கை கேட்டது. காற்று கொஞ்சம் தணிந்த ஒரு நாளில் அவனை மறுபடியும் ஏற்றினார்கள்.

இறகின் உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கிற மாதிரி சின்னச் சுத்தியலால் தட்டித்தான் பார்க்க வேண்டும். நல்ல இடம் 'டொக்' என்று கெட்டியாகப் பேசும். ஓடு பிரிந்த இடம் 'பொத்' என்று செத்த சத்தம் தரும். தனுஷன் நுனியிலிருந்து தட்டிக்கொண்டே போனான். பொத். இன்னும் கொஞ்சம் மேலே போனால் கெட்டிச் சத்தம் வந்துவிடும் என்று நினைத்தான். பொத். இறகின் பாதி வரை போனான், அதையும் தாண்டினான். பொத், பொத், பொத். இவன் வெளியே ஒட்டிய துணி அழகாக அப்படியே இருந்தது. உள்ளே ஓடு முதுகெலும்பை விட்டுக் கழன்று, மழைத்தண்ணீர் இறங்கி, சுற்றுக்குச் சுற்று பிளவு மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. கயிற்றில் தொங்கும்போது அவனுக்குப் பயம் வந்தது அன்றைக்குத்தான். கீழே குனிந்து பார்த்தான். நேர் கீழே எட்டாம் நம்பர் மலை என்கிற தேயிலைச் சரிவு. கொழுந்து எடுக்க சுதர்ஷினி வருகிற மலை.

காற்றாலைக்குப் பொறுப்பான இன்ஜினியர் அஃப்ஹம், ஹட்டனில் துணிக்கடை வைத்திருக்கும் சரிபுதீன் முதலாளியின் மகன். தனுஷன் சொல்லி முடிப்பதற்குள் அவன் தலையசைத்துவிட்டான். இயந்திரம் அதிர்கிற விதத்தை வைத்தே அவனுக்குச் சந்தேகம் தட்டியிருந்தது. உடனே கொழும்புக்குப் பேசினான். நெடுநேரம் பேசினான். போனை வைத்தபோது காது சிவந்திருந்தது.

"புது பிளேடு கப்பல்ல வரும் வரைக்கும் மெதுவா ஓட விடட்டுமாம். காத்து சீசன்ல நிப்பாட்ட ஏலாதெண்டு சொல்றாங்க."

"சேர், கீழ ஆளுங்க வேல செய்றாங்க."

"அதையும் சொன்னன். தோட்டத்து ஆக்களுக்கு ஒண்ணும் சொல்ல வேணாமாம், சும்மா குழம்புவாங்களாம். வெளிய கதை போனா, சொன்ன ஆள் நாளைக்கு வேலைக்கு வரத் தேவையில்லையாம்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நான் எழுதியும் போடுறன். ஒரு கிழமை பொறுப்பம்" என்றான்.

கோபுரத்தின் அடியைச் சுற்றி அஃப்ஹம் மஞ்சள் நாடா கட்டினான். மறுநாள் போய்ப் பார்த்தால் பாதி நாடாவைக் காணோம். விறகுக்கட்டு கட்ட அதைவிடத் தோதான கயிறு கிடைக்குமா? அன்று சாயங்காலம் மீனம்மா தலையில் விறகுச் சுமையோடு வந்தாள், சுமையைச் சுற்றி மஞ்சள் நாடா.

"இது எதுக்குடா கட்டியிருக்கீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"மாடு போவாம இருக்கத்தான்க்கா" என்றான் தனுஷன்.

பொய் அவன் வாயில் சுலபமாக வந்துவிட்டது. பயந்தவனுக்குப் பொய் சுலபம். வேலை போய்விடும் என்ற பயம், கொழும்பில் முகம் தெரியாத ஒரு பெரிய மனிதன் கோபித்துக்கொள்வான் என்ற பயம். தன்னை வளர்த்தவளின் முகத்துக்கு எதிரே நின்று அதைச் சொல்லிவிட்டு, வீட்டுக்குள் போய்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான். ஒரு வாய் இறங்கவில்லை.

அதற்குப் பிறகு அவனுக்கு நிம்மதி என்பதே இல்லை. கொழுந்தெடுக்கும் கும்பல் வேறு மலையில் இருந்தவரை ஒருவாறு மூச்சு விட்டான். ஆனால் கொழுந்து காத்திருக்காது. ஒரு சுற்று முடிந்தால் பழையபடி எட்டாம் நம்பருக்கு வந்துதானே ஆக வேண்டும்? முதல்நாள் மாலையே கங்காணி சொல்லிவிட்டார், நாளைக்கு எட்டாம் நம்பர் என்று. விடிந்ததும் தனுஷன் அடுப்படியில் நின்ற சுதர்ஷினியிடம் போனான்.

"இன்னைக்கு வேலைக்குப் போகாத."

"ஏன்?"

"காச்சல்னு சொல்லிரு."

"யாருக்குக் காச்சல்? எனக்கா, ஒங்களுக்கா?" அவன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "சில்லுனு இருக்கு. என்னா விசயம்?"

உண்மையைச் சொல்ல வாய் வரை வந்தது. இவளிடம் சொன்னால் அடுத்த நிமிஷம் மீனம்மாவுக்குத் தெரியும், அதற்கடுத்த நிமிஷம் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் பெரட்டுக்களம் முழுக்கத் தெரியும், மத்தியானத்துக்குள் கொழும்புக்கும் தெரிந்துவிடும்.

"கெட்ட கனவு கண்டேன்" என்றான்.

சுதர்ஷினி விழுந்து விழுந்து சிரித்தாள். போன மாதம் கனவில் பஸ் கவிழ்ந்தது என்று நுவரெலியாவில் நடந்த கல்யாணத்துக்குப் போக விடாமல் செய்தவன் அல்லவா? படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு, பையை முதுகில் போட்டு, வாசலில் நின்ற மீனம்மாவோடு பேசிக்கொண்டே போய்விட்டாள். அவன் வாசலில் நின்று இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தான். கூப்பிடவில்லை.

பத்து மணி வாக்கில் காற்று திசை மாறியது. அதுவரை சீராக அடித்துக்கொண்டிருந்தது, பாறை இடுக்கு வழியாக விட்டுவிட்டு முட்டத் தொடங்கியது. தனுஷனும் அஃப்ஹமும் மூன்றாம் காத்தாடியின் அடியில் நின்றார்கள். சீழ்க்கைச் சத்தம் நின்றுபோயிருந்தது. அது நின்றதில் தனுஷனுக்கு ஒரு கணம் ஆறுதல்கூட. அந்த இறகு மேலே போய்த் திரும்பிக் கீழே இறங்கும்போதுதான் புதுச் சத்தம் கேட்டது. சடார். யாரோ தகரக் கதவை அறைந்து சாத்துகிற மாதிரி. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு அறை.

தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தான். காற்று அலைக்கழித்ததில் இறகு இரண்டாகவும் மூன்றாகவும் தெரிந்தது. கோபுரத்தோடு முழங்கையை அண்டக்கொடுத்துப் பார்த்தான். பின்விளிம்பு நெடுக வாய் திறந்திருந்தது. இறகு மேலே ஏறும்போது வாய் மூடியது, இறங்கும்போது திறந்தது. திறக்கிறபோது உள்ளே மஞ்சளாக நார் தெரிந்தது.

"சேர்! தொறந்திருச்சு சேர்!"

அஃப்ஹம் பார்க்கக்கூட இல்லை. "எவன்ட பேச்சும் வேணாம், நான் நிப்பாட்டுறன்" என்று கோபுரத்தின் கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஓடினான். நிறுத்தினாலும் உடனே நின்றுவிடுமா? இறகுகள் காற்று பிடிக்காதபடி முகம் திருப்பி, வேகம் தணிந்து, ஓய வேண்டும். அதுவரை அந்த ஒட்டு தாங்க வேண்டும். தாங்காது என்று தனுஷனுக்குத் தெரிந்தது. கீழே பார்த்தான்.

சரிவில் பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். சிவப்புத் தலைத்துணி மீனம்மா. அவளுக்கு இரண்டு நிரை தள்ளி, நீலச் சட்டையில் சுதர்ஷினி.

"ஓடுங்க! பிளேடு உடையப் போவுது! ஓடுங்க!"

காற்று அவன் சொல்லைப் பிய்த்து எங்கோ கொண்டுபோனது. மறுபடி கத்தினான், கைகளை வீசினான். சிலர் நிமிர்ந்தார்கள். ஏதோ சொல்கிறான், என்னவோ காத்தாடியைப் பற்றி என்று மட்டும் புரிந்திருக்கிறது. நெற்றியில் கை வைத்து நிழல் கட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்று, அத்தனை பேரும் காத்தாடியை அண்ணாந்து பார்த்தார்கள். மீனம்மா கையை ஆட்டிச் சிரித்தாள். பார்க்கிற தனுஷனுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. காலமெல்லாம் பயந்துகொண்டே இருப்பவன் பயப்படச் சொன்னால் யார் பயப்படுவார்கள்?

தலைக்கு மேலே மறுபடி அறைந்தது. இந்த முறை சத்தத்தோடு ஒரு கிழிசலும் சேர்ந்து கேட்டது. தனுஷன் யோசித்துக் கத்தவில்லை. தொண்டை தானாகக் கத்தியது.

"கொளவீ! கொளவீ!"

தேயிலைக் காட்டில் அந்தச் சொல்லுக்கு எதிர்க்கேள்வி கிடையாது. புலி என்றால் எங்கே என்று பார்ப்பார்கள், பாம்பு என்றால் எவ்வளவு நீளம் என்று கேட்பார்கள். குளவி என்றால் எவளும் தலை நிமிர்த்த மாட்டாள். குளவி கொட்டிச் செத்தவர்கள் இல்லாத தோட்டம் உண்டா? அதனால்தான் விளையாட்டுக்குக்கூட அந்தச் சொல்லை யாரும் கத்துவதில்லை. ஒருதரம் அப்படிக் கத்திய ஒரு பொடியன் அடி வாங்கிக் கட்டிக்கொண்டதைத் தோட்டமே பேசும்.

சரிவு முழுக்கக் கொழுந்துப் பைகள் பறந்தன. பெண்கள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, குறுக்குப் பாதை வழியாக ரோட்டுப் பக்கம் விழுந்தடித்து ஓடினார்கள். மீனம்மா அந்த வயதில் அப்படி ஓடுவாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. ஒருத்தி, இன்னொருத்தி, இன்னும் இருவர். மலை காலியானது. தனுஷனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

திரும்பிய உயிர் அடுத்த கணமே போனது. நீலச் சட்டை ஓடவில்லை.

சுதர்ஷினி தேயிலைச் செடிகளுக்கு நடுவில் குப்புறப் படுத்து, படங்குச் சாக்கைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டு, அசையாமல் கிடந்தாள். அப்படிக் கிடக்கச் சொன்னவன் அவனேதான். இரண்டு வருஷத்துக்கு முன் குளவி துரத்தி, ஓடிய ஓட்டத்தில் உடம்பெல்லாம் கொட்டு வாங்கி, அவள் ஆஸ்பத்திரியில் முகம் வீங்கிக் கிடந்தபோது, கையைப் பிடித்துக்கொண்டு அழுது சத்தியம் வாங்கியிருந்தான்: இனிமேல் ஓடக் கூடாது, சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட வேண்டும், நான் வந்து எழுப்புகிற வரைக்கும் அசையக் கூடாது. அவன் பயத்தை எல்லாம் கேலி செய்கிறவள் அந்த ஒரு பேச்சை மட்டும் வாயைத் திறக்காமல் காப்பாற்றினாள்.

தனுஷன் ஓடினான். எப்படி ஓடினான் என்று பிறகு கேட்டபோது அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. கவ்வாத்து வெட்டிய கிளைகள் முழங்காலைக் கிழித்தன. இரண்டு முறை உருண்டு எழுந்தான். தலைக்கு மேலே அந்தப் பிசாசு சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று தெரிந்தும் அண்ணாந்து பார்க்கத் துணிச்சல் வரவில்லை. பார்த்தால் கால் நின்றுவிடும்.

"எந்திரி! சுதா, எந்திரி! கொளவி இல்ல!"

சாக்கைப் பிடித்து இழுத்தான். அவள் செடியின் தூரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "ஐயோ, நிக்காதீங்க! படுங்க, படுங்க!" என்று அலறி, அவன் காலை வாரிக் கீழே சாய்த்து, சாக்கின் மற்ற பாதியை அவன் தலையில் போட்டு அமுக்கினாள். அவள் கைக்கு அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ. அவன் வாயைத் திறந்தான். அப்போது மேலே முறிந்தது.

பெரிய மரம் முறிகிற சத்தம் அவனுக்குத் தெரியும். இது அப்படி இல்லை. ஆயிரம் சேலையை ஒரே நேரத்தில் கிழிக்கிற சத்தம், அதற்குள்ளேயே ஒரு வெடி. பிறகு வெறும் காற்று மட்டும், ஏதோ பெரிதாக ஒன்று காற்றில் வந்துகொண்டிருக்கிற ஓசை. தனுஷன் கண்ணை இறுக மூடிக்கொண்டு அவள் மேல் கவிழ்ந்தான். கும்பிட ஒரு சாமி பெயர்கூட நினைவுக்கு வரவில்லை. எங்கே விழும், எங்கே விழும் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

மண் அதிர்ந்தது. சாக்கின் மேல் கல் மழை மாதிரி சில்லுகள் கொட்டின. அப்புறம் கொஞ்ச நேரம் எதுவுமே கேட்கவில்லை.

"போயிருச்சா?" என்றாள் சுதர்ஷினி, சாக்குக்குள்ளிருந்து, மூச்சுவிடாமல்.

"ம். போயிருச்சு."

அவள் தலையை வெளியே நீட்டினாள். அவர்கள் கிடந்த இடத்துக்குக் கூப்பிடு தூரம்கூட இல்லை, இரண்டு நிரை தள்ளி, மீனம்மா நின்று கொழுந்தெடுத்த இடத்தில், இறகு மலைச்சரிவின் குறுக்கே நீளமாகக் கிடந்தது. அடியில் தேயிலைச் செடிகள் தெரியவே இல்லை. உடைந்த முனையில் கண்ணாடி நார் தலைவிரிகோலமாகக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. சுதர்ஷினியின் கழுத்தில் ஒரு சில்லு கிழித்து ரத்தம் வழிந்தது. அவள் அதைத் தொட்டுப் பார்க்கவும் இல்லை. இறகைப் பார்த்தாள், மேலே இரண்டு இறகுகளோடு நின்றுவிட்ட காத்தாடியைப் பார்த்தாள், கடைசியில் புருஷனைப் பார்த்தாள்.

அதற்குள் கோபுரத்திலிருந்து அஃப்ஹம் பேயறைந்த முகத்தோடு இறங்கி வந்தான். ரோட்டிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். எங்கேயும் குளவி இல்லை என்பதும், தாங்கள் நின்ற இடத்தில் என்ன கிடக்கிறது என்பதும் அவர்களுக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. ஒருத்தி உட்கார்ந்து அழத் தொடங்கினாள். மீனம்மா மூச்சு வாங்க வந்து, இறகைச் சுற்றிக்கொண்டு, தனுஷனுக்கு முன்னால் நின்றாள்.

"எங்கள ஓட வைக்கத்தான் அப்புடிக் கத்துனியா?" என்றாள். அவன் தலையில் கையை வைத்து, முடியில் ஒட்டியிருந்த நாரைத் தட்டிவிட்டாள். "ஏஞ்சாமி, நீ நல்லா இருக்கணும். எம் புள்ளைங்கள அனாதையாக்காம காப்பாத்திட்டியே. இவனப் போயி பயந்தாங்கொள்ளின்னு சொன்னோமே!"

மற்றவர்களும் சுற்றி நின்று கும்பிட்டார்கள். ஒருத்தி தண்ணீர்ப் போத்தலை அவன் கையில் திணித்தாள். தனுஷன் தரையைப் பார்த்தான்.

சுதர்ஷினி மட்டும் கும்பிடாமல் அவன் அருகில் வந்தாள். அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"காலையில ஒங்களுக்குக் காச்சலும் இல்ல, கனவும் இல்ல. இது தெரிஞ்சிருக்கு."

அவன் போத்தலின் மூடியைத் திருகினான்.

"என்னய மட்டுந்தான் போகாதன்னு சொன்னீங்க. அக்கா அந்நேரம் வாசல்லதான் நின்னாங்க."

"வேலை போயிருமேன்னு..." என்று தொடங்கினான். அந்தச் சொல் அவன் காதுக்கே அசிங்கமாகக் கேட்டது.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவளை அவன் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. கொழும்பும் வேலையும் உடைந்த இறகும் அந்த நிமிஷத்தில் ஒன்றுமே இல்லாமல் போயின. மலையே கேட்கக் கத்தியவன் மீனம்மாவின் பக்கம் மெல்லத் திரும்பினான்.

"அக்கா" என்றான். "எனக்கு முன்னமே தெரியும். நெறைய நாளா தெரியும். நான் ஒங்கள்ட்ட சொல்லல."

மீனம்மா முதலில் சிரித்து, மறுபடி அவன் தலையில் கை வைத்தாள், அவன் ஏதோ பணிவுக்குச் சொல்கிறான் என்று. பிறகு சுதர்ஷினியின் முகத்தைப் பார்த்தாள். அவன் தலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். குனிந்து தன் கொழுந்துப் பையைத் தேடினாள், அது இறகுக்கு அடியில் இருந்தது. சுதர்ஷினி தன் பையை எடுத்து அவளிடம் கொடுத்தாள், இரண்டு பேரும் ரோட்டுப் பக்கம் நடந்தார்கள்.